ரகசியம் எதுவரை? சிறப்புப் படைகளை யார் கேள்வி கேட்பது? லேண்ட்ஃபால் தீவு முதல் ஓட்டிங் வரை

ரங்கத்திலிருந்து அந்தமான் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் மாயாபந்தர் வரும். அதையும் தாண்டினால் டிக்லிப்பூர். அதற்கும் வடக்கே, கடலுக்குள், அந்தமானின் வடகோடியில் இருக்கிறது லேண்ட்ஃபால் தீவு. எதிரே ஒரு கால்வாய் தூரத்தில் மியான்மரின் கோகோ தீவுகள்.

1998 பிப்ரவரி 11 அன்று இந்த லேண்ட்ஃபால் தீவில் முப்படைகளும் சேர்ந்து ஒரு நடவடிக்கையில் இறங்கின. அதற்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் லீச்'. லீச் என்றால் அட்டை. 6 பேர் கொல்லப்பட்டார்கள். பலர் கைதானார்கள். வடகிழக்கு இந்தியாவின் ஆயுதக் குழுக்களுக்குத் துப்பாக்கி கடத்திவந்த கும்பலைப் பிடித்துவிட்டதாக அரசுத் தரப்பு அறிவித்தது.

பிடிபட்டவர்கள் சொன்ன கதை வேறு. தாங்கள் கடத்தல்காரர்கள் இல்லை, பர்மாவின் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடும் அரக்கான், கரேன் இனப் போராளிகள் என்றார்கள். இந்திய ராணுவ உளவுத்துறையின் அதிகாரி ஒருவரோடு தங்களுக்கு நெடுநாள் தொடர்பு இருந்ததாகவும், தளம் அமைத்துக்கொள்ள இடம் தருவதாகச் சொல்லி அவரே அழைத்துவந்ததாகவும், வந்த இடத்தில் தலைவர்கள் 6 பேரைத் தனியே கொண்டுபோய்ச் சுட்டுவிட்டதாகவும் குற்றம் சாட்டினார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் நந்திதா ஹக்சர் இதை 'ரோக் ஏஜென்ட்' என்ற புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

இரண்டில் எது உண்மை? 28 ஆண்டுகள் ஆகியும் பொதுவெளியில் இதற்கு உறுதியான விடை இல்லை. இந்த விளக்கக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு ரகசிய ராணுவ நடவடிக்கை முடிந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவின் சிறப்புப் படைகள் மெல்ல மெல்ல ஒரே குடைக்குக் கீழே வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பயணத்தில் அந்தமானுக்குத் தனி இடம் உண்டு.

நாட்டின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளை 2001-ல் அமைந்தது அந்தமான் நிகோபாரில்தான். சிறப்புப் படைகளுக்கும் அப்படி ஒரு கூட்டுக் கட்டளை வேண்டும் என்று நரேஷ் சந்திரா குழு 2012-ல் பரிந்துரைத்தது. முழுக் கட்டளை வரவில்லை. அதைவிடச் சிறிய அளவில் 'ஆயுதப் படைகள் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு' 2019-ல் உருவானது. அது தொடக்கத்தில் நடத்திய இரண்டு பயிற்சிகளில் ஒன்று குஜராத்தில் நடந்தது, மற்றொன்று அந்தமான் நிகோபார் தீவுகளில்.

2025 ஆகஸ்ட்டில் சிறப்புப் படை நடவடிக்கைகளுக்கான கூட்டுக் கோட்பாடு வெளியானது. முப்படைகளின் தலைமைத் தளபதி அனில் சவுகான் அதை மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரில் வெளியிட்டார். மூன்று படைகளின் சிறப்பு வீரர்களும் சேர்ந்து எப்படித் திட்டமிட வேண்டும், எப்படிச் செயல்பட வேண்டும் என்பதற்கான பொது வழிகாட்டி அது.

அதாவது 'எப்படிச் செய்வது' என்ற கேள்விக்கு விடை தயாராகிவருகிறது. 'செய்தபின் யாருக்குப் பதில் சொல்வது' என்ற கேள்வி அதே இடத்தில்தான் நிற்கிறது.

யார் இந்தச் சிறப்புப் படையினர்?

சினிமாவில் எல்லோரையும் 'கமாண்டோ' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் இவர்கள் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

• பாரா எஸ்.எஃப்.: தரைப்படையின் சிறப்புப் படை. 1965 போரில் மேஜர் மேக் சிங் உருவாக்கிய 'மேக்தூத்' அணிதான் இதன் வேர்.

• மார்கோஸ்: கடற்படையின் சிறப்புப் படை. 1987-ல் தொடங்கியது.

• கருட்: விமானப்படையின் சிறப்புப் படை. 2004-ல் தொடங்கியது.

• எஸ்.எஃப்.எஃப்.: 1962 சீனப் போரை ஒட்டி உருவானது. ராணுவத் தலைமையகத்தின் கீழ் இல்லை, அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வருகிறது.

• என்.எஸ்.ஜி.: 1984-ல் உருவானது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

சாதாரண ராணுவப் பிரிவு ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். சிறப்புப் படையோ சிறு குழுவாக உள்ளே போய், ஒரு குறிப்பிட்ட இலக்கை முடித்துவிட்டு, அடையாளம் தெரியாமல் திரும்பும். பணயக்கைதிகளை மீட்பது, எல்லைக்கு அப்பால் தாக்குவது, எதிரியின் பின்புறத்தில் வேவு பார்ப்பது என்று பட்டியல் நீளும். வேலையே ரகசியத்தை நம்பித்தான் நடக்கிறது. யார் போனார்கள், எந்த வழியில் போனார்கள், தகவல் எங்கிருந்து வந்தது என்பதை எல்லாம் வெளியே சொன்னால் அடுத்த முறை போகிறவரின் உயிருக்கு ஆபத்து.

ஆகவே ரகசியம் தேவையா என்று விவாதிக்க எதுவும் இல்லை. அது எந்தக் கட்டம் வரை தேவை என்பதுதான் விவாதம். இதை நான்கு சம்பவங்களின் தேதிகளை வைத்துப் பார்க்கலாம்.

துப்பாக்கிச் சூட்டிலிருந்து நீதிமன்றம் வரை எத்தனை நாள்?

ரூயென் கப்பல், 2024: 7 நாள். சோமாலியக் கடற்கொள்ளையர் கடத்திய 'எம்.வி. ரூயென்' கப்பலை இந்தியக் கடற்படை சுமார் 40 மணி நேரம் நடந்த நடவடிக்கையில் மீட்டது. மார்கோஸ் வீரர்கள் விமானத்திலிருந்து கடலில் குதித்தார்கள். மார்ச் 16 அன்று 17 மாலுமிகள் மீட்கப்பட்டார்கள், 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள். மார்ச் 23 அன்று அந்த 35 பேரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 2022-ல் இயற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இதற்குக் கைகொடுத்தது. சிறப்புப் படை செய்த வேலை என்பதாலேயே சட்டத்தின் பாதையில் போக முடியாது என்பதில்லை. இந்த வழக்கு அதற்குச் சாட்சி.

என்ரிகா லெக்ஸி, 2012: 4 நாள். கேரளக் கடலில் 2012 பிப்ரவரி 15 அன்று, இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் இரண்டு மீனவர்களைக் கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். பிப்ரவரி 19 அன்று இரு வீரர்களும் கைதானார்கள். 'அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், விசாரிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை' என்றது இத்தாலி. இந்தியா அதை ஏற்கவில்லை. சர்வதேசத் தீர்ப்பாயம் 2020-ல் வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு என்று சொன்னதோடு, இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் கூறியது. 10 கோடி ரூபாய் கட்டப்பட்ட பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்துவைத்தது.

ஆபரேஷன் லீச், 1998: 12 ஆண்டுகள். கைதானவர்கள் முதலில் அந்தமான் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 2006-ல் வழக்கு கொல்கத்தாவுக்கு மாறியது. 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஏற்பாட்டின்படி 34 பேருக்கு 3 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அதைப்போல நான்கு மடங்கு காலத்தை அவர்கள் அதற்குள் சிறையில் கழித்திருந்தார்கள். 2011-ல் விடுதலை. உயிரோடு பிடிபட்டவர்களின் கணக்கு இப்படி முடிந்தது. இறந்துபோன 6 பேர் எப்படி இறந்தார்கள் என்பதற்கு அந்த வழக்கு விடை தரவில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். லீச் என்பது முப்படைகளும் உளவுத்துறையும் சேர்ந்து நடத்திய நடவடிக்கை. அதை முழுக்க 'சிறப்புப் படை நடவடிக்கை' என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் ரகசியமாகத் திட்டமிட்டு, ஆளில்லாத தீவில், வெளிச்சாட்சி யாருமின்றி நடந்த ஒன்றை எப்படித் தணிக்கை செய்வது என்ற சிக்கல் இரண்டுக்கும் பொதுவானது.

ஓட்டிங், 2021: இன்னும் தொடங்கவில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஓட்டிங்கில் என்ன நடந்தது?

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் இருக்கும் கிராமம் ஓட்டிங். 2021 டிசம்பர் 4 மாலை, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து 8 பேர் ஒரு பிக்கப் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் வருவதாகத் தகவல் கிடைத்துப் பதுங்கியிருந்த 21 பாரா எஸ்.எஃப். அணி அந்த வண்டியைச் சுட்டது. 6 பேர் இறந்தார்கள், 2 பேர் காயத்தோடு தப்பினார்கள்.

தேடிப்போன ஊர்மக்களுக்கும் வீரர்களுக்கும் மோதல் மூண்டது. மேலும் 7 பொதுமக்களும் ஒரு ராணுவ வீரரும் இறந்தார்கள். மறுநாள் மோன் நகரில் நடந்த கலவரத்தில் இன்னொருவர் இறந்தார். மொத்தம் 14 பொதுமக்கள்.

டிசம்பர் 6 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் பேசினார். வண்டியை நிறுத்தச் சொன்னதாகவும், அது நிற்காமல் தப்பிக்கப் பார்த்ததாகவும், ஆள் அடையாளம் தவறியதால் இது நடந்துவிட்டதாகவும் சொன்னார். வண்டியை யாரும் நிறுத்தச் சொல்லவே இல்லை என்று உயிர்பிழைத்தவர் ஊடகங்களிடம் கூறினார்.

அதன்பிறகு தேதிகள் இப்படிப் போகின்றன:

• 2022 ஜூன்: மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒரு மேஜர் உட்பட 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நடைமுறை விதிகளைப் பின்பற்றாமல் சுட்டதாக அது கூறியது.

• 2022 ஜூலை: குற்றம்சாட்டப்பட்ட அதிகாரிகளின் மனைவியர் தொடுத்த மனுக்களின் பேரில் உச்ச நீதிமன்றம் வழக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது.

• 2023 பிப்ரவரி 28: வழக்குத் தொடர மத்திய அரசு அனுமதி மறுத்தது.

• 2024 செப்டம்பர் 17: அனுமதி இல்லாததால் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. பிற்பாடு அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம், ராணுவம் தன் பங்குக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் தடையில்லை என்றது.

அனுமதி மறுத்ததை எதிர்த்து நாகாலாந்து அரசும் தனியே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ராணுவம் ஒரு மேஜர் ஜெனரல் தலைமையில் உள்விசாரணை நடத்தியது. அதன் அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை.

வீரர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கேள்வி நீதிபதி முன்னால் போகவே இல்லை. இது செத்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும் நஷ்டமில்லை. குற்றம் செய்யாத வீரர் ஒருவர் அந்த 30 பேரில் இருந்தால், அவர் பெயரையும் யாரும் துடைத்துவிடவில்லை.

'முன் அனுமதி' என்ற பூட்டு

நாகாலாந்தில் நடந்ததற்கு ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம்தானே காரணம், அது அந்தமானில் இல்லையே என்று கேட்கலாம். சரிதான். அந்தச் சட்டம் தீவுகளில் அமலில் இல்லை. ஆனால் பூட்டு அது ஒன்று மட்டுமில்லை.

ஆயுதப் படையினர் பணியில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 197(2). இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் பிரிவு 218(2). இது நாடு முழுவதற்கும் பொருந்தும், ரங்கத்துக்கும் சேர்த்துத்தான்.

அனுமதி எவ்வளவு எளிதில் கிடைக்கிறது? ஒரு எண்ணைச் சொன்னால் போதும். 2001-க்குப் பிறகு ஜம்மு காஷ்மீர் அரசு படையினர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்ட வழக்குகள் 50. 2018 ஜனவரி 1 அன்று மாநிலங்களவையில் பாதுகாப்பு அமைச்சகம் தந்த பதிலின்படி அவற்றில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் இருந்தன. அனுமதி தரப்பட்டவை: பூஜ்யம்.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அரசு ஊழியர் விஷயத்தில் 120 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும். ஆனால் இந்தக் கெடு எழுதப்பட்டிருப்பது 218-ன் முதல் உட்பிரிவில். படையினரைப் பற்றிய இரண்டாம் உட்பிரிவில் அது இல்லை.

நீதிமன்றம் இல்லையென்றால் வேறு யார் கேட்கலாம்?

ராணுவமே கேட்கலாம். கோர்ட் மார்ஷல் உண்டு. இதில் அந்தமானுக்கு ஒரு புதுத் திருப்பமும் இருக்கிறது. கூட்டுக் கட்டளையில் கடற்படைக்காரர் ஒருவர் தவறு செய்தால், வேறு படையைச் சேர்ந்த தளபதியால் முன்பு நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாது. சொந்தப் படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 2024 மே 10 முதல் அமலுக்கு வந்த முப்படை அமைப்புகள் சட்டம் அதை மாற்றி, அந்தமான் கட்டளைத் தளபதி போன்றவர்களுக்கு மூன்று படையினர் மீதும் ஒழுங்கு அதிகாரம் தந்திருக்கிறது. பொறுப்பு ஒருவரிடம் குவிவது நல்லதுதான். ஆனாலும் இது வீட்டுக்குள் நடக்கும் பஞ்சாயத்து. வெளியே யாருக்கும் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

மனித உரிமை ஆணையம் கேட்கலாம், ஆனால் போய்ப் பார்க்க முடியாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 19-ன்படி, ஆயுதப் படைகள் மீதான புகாரில் தேசிய ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்யலாம். மற்ற வழக்குகளைப்போலத் தானே விசாரணையில் இறங்க முடியாது.

நாடாளுமன்றம்? பாதுகாப்புத் துறை நிலைக்குழு இருக்கிறது. நிதி ஒதுக்கீட்டை அலசும், கருவிகள் வந்தனவா என்று கேட்கும். அன்றாட நிர்வாகம் அதன் எல்லைக்கு வெளியே. உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர மணீஷ் திவாரி 2011-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

தகவல் உரிமைச் சட்டம்? எஸ்.எஃப்.எஃப்., என்.எஸ்.ஜி. போன்றவை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றவை. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவலுக்கு விலக்கு இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. தரைப்படை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லித் தகவலை மறுக்க முடியும்.

உச்ச நீதிமன்றம்? மணிப்பூரில் 1,528 பேர் கொல்லப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், படையினருக்கு முழு விலக்கு எதுவும் கிடையாது என்று 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. கொள்கையளவில் கதவு திறந்திருக்கிறது. ஆனால் சாவி அரசிடம் இருப்பதை ஓட்டிங் காட்டியது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அமெரிக்காவில் சில வகையான ராணுவ ரகசிய நடவடிக்கைகளை முடித்த 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுக்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ரகசியம் ரகசியமாகவே இருக்கும், ஆனால் அரசுக்கு வெளியே சிலர் கண்ணிலாவது படும்.

ஆஸ்திரேலியா இன்னும் தூரம் போனது. ஆப்கானிஸ்தானில் தன் சிறப்புப் படையினர் நடத்தியதாகச் சொல்லப்பட்ட கொலைகளை ராணுவத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே விசாரித்தது. 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கும், அதில் 25 வீரர்களுக்குத் தொடர்பு இருப்பதற்கும் நம்பத்தகுந்த தகவல் உண்டு என்று பிரெரெட்டன் அறிக்கை 2020 நவம்பரில் சொன்னது. பெயர்களை மறைத்து அறிக்கையை வெளியிட்டார்கள். 2023-ல் முன்னாள் வீரர் ஒருவர் மீது கொலை வழக்குப் பதிவானது. பிரிட்டனும் ஆப்கானிஸ்தானில் தன் சிறப்புப் படை நடந்துகொண்ட விதம் பற்றி நீதிபதி தலைமையில் விசாரணை நடத்திவருகிறது.

மறுபக்கம் இலங்கை. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் 5 தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படையினர் உட்பட 13 பேர் மீது வழக்கு. 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். விசாரணை 13 ஆண்டு இழுத்தால் சாட்சிகள் என்ன ஆவார்கள் என்பதை இது சொல்கிறது.

வீரர்கள் தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. இருட்டில், நொடிப்பொழுதில் எடுக்கும் முடிவை ஆற அமர உட்கார்ந்து எடைபோடுவது எளிது. முன் அனுமதி என்ற தடுப்பு இல்லாவிட்டால் பொய் வழக்குகள் குவியலாம், பெயர் வெளியே வந்தால் குடும்பத்துக்கு மிரட்டல் வரலாம். ஓட்டிங்கில் தவறான உளவுத் தகவல் தந்தவரை விட்டுவிட்டு, அதை நம்பிப் போன வீரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டியதே.

ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் பாதுகாப்பான விசாரணை முறை வேண்டும் என்றுதான் சொல்கின்றன. விசாரணையே கூடாது என்று சொல்லவில்லை. பெயரை மறைக்கலாம், மூடிய அறையில் விசாரிக்கலாம். தகவல் தந்தவரிலிருந்து உத்தரவிட்டவர் வரை முழுச் சங்கிலியையும் பார்க்கலாம்.

குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

மூன்று மாற்றங்கள் போதும், படைகளின் பலம் குறையாது. ஒன்று, 120 நாள் கெடுவைப் படையினர் வழக்குக்கும் நீட்டிப்பது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவது. இரண்டு, பொதுமக்கள் இறந்த ஒவ்வொரு நடவடிக்கையையும் நாடாளுமன்றக் குழு ஒன்று மூடிய அமர்வில் ஆராய்வது. மூன்று, உள்விசாரணையின் முடிவைப் பெயர், உத்தி, உளவுத் தகவல் நீக்கிச் சுருக்கமாக வெளியிடுவது.

ரங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வங்காளிகளும் தமிழர்களும் கலந்து வாழும் ஊர் ரங்கத். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அதே கடலில்தான் கொள்ளையரைத் தேடும் ரோந்தும் வெளிநாட்டுப் படகுகள் மீதான கண்காணிப்பும் முப்படைப் பயிற்சியும் நடக்கின்றன. அவை வேண்டும். மலாக்கா நீரிணைக்குப் போகும் வழியைப் பார்த்தபடி இருக்கும் தீவுக்கூட்டம் இது.

ஆனால் இருட்டில் ஒரு மீன்பிடிப் படகும் ஒரு கடத்தல் படகும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கேரளக் கடலில் இத்தாலியருக்கு அப்படித்தான் தெரிந்தது. ஓட்டிங்கில் ஒரு பிக்கப் வண்டியும் அப்படித்தான் தெரிந்தது. 2012-ல், சுட்டவர் சீருடை அணிந்தவர் என்பதற்காக விசாரணையை விட்டுக்கொடுக்க முடியாது என்று இந்தியா வெளிநாட்டிடம் வாதாடியது. அதே வாதத்தை ஓட்டிங் குடும்பங்கள் இப்போது நம் அரசிடம் வைக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை.